தினமும் வசனம் எழுத: தலைப்பு வரிசையா, ஒரே புத்தகமா, முழு வேதாகமமா?

புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு புது நோட்டு வாங்கி, வேதாகமத்தைப் பார்த்து ஆதியாகமம் முதலாம் அதிகாரத்திலிருந்து கையால் எழுதத் தொடங்குகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாமின் வம்ச வரலாறு வருகிறது, கை தளர்கிறது. பத்தாம் அதிகாரத்தில் நோவாவுடைய குமாரரின் சந்ததி. ஆபிராம் வருவதற்கு முன்பே பல நோட்டுகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. பக்தி குறைந்துபோனதால் இப்படி ஆவதில்லை. எதை எழுதுவது, நாளுக்கு எவ்வளவு, எதில் எழுதுவது என்று முதல் நாளில் எடுத்த மூன்று முடிவுகள் அன்றாட வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர் புதிய ஏற்பாட்டின் கடிதங்களான நிருபங்களில் சிறியது ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை வரிசையாக, தைத்த நோட்டில், நாளுக்கு 15 நிமிடம் எழுதுவதே நல்லது. பிலிப்பியரில் தொடங்கலாம். இது எல்லாருக்கும் பொருந்தாது. ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், ஓய்வுபெற்றுக் கையில் நேரம் உள்ளவருக்கும் வேறு வழிகள் இன்னும் நன்றாகப் பொருந்தும். அவற்றையும் பார்ப்போம்.

கடிகாரத்தை வைத்து ஒரு சங்கீதம்

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் கிடக்கிற ஒரு தாளில் 23-ஆம் சங்கீதத்தை எழுதிப் பாருங்கள். மொத்தம் 6 வசனம். பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், ஏறக்குறைய 75 சொற்கள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் வேதாகமத்தைப் பார்த்தே எழுதுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்துப் படிக்கும்படி நிதானமாக எழுதினால் 8 முதல் 10 நிமிடம் ஆகும். 4 நிமிடத்தில் முடித்திருந்தால், எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றெழுத்து இரண்டு மூன்றாவது விட்டுப்போயிருக்கும்.

ஆக, ஒரு வசனத்துக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். நிருபங்களில் வசனங்கள் நீளம். அங்கே 2 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு திட்டங்களைப் பாருங்கள். வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் சேர்த்து 31,102 வசனங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு 85 வசனம் எழுத வேண்டும். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 10 வசனம் என்றால் எட்டரை ஆண்டு. இரண்டுமே முடியாத காரியம் இல்லை; ஆனால் முதல் நாளில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நீதிமொழிகளில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. 31 அதிகாரம், மாதத்துக்கு 31 நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்பது கேட்க அழகாக இருக்கிறது. வாசிக்க அது நல்ல திட்டம்தான். எழுதுவதற்கு அப்படியில்லை. 915 வசனங்கள் என்பதால் நாளுக்குச் சராசரியாக 30 வசனம், முக்கால் மணி நேரம். மூன்றாம் நாளே கை வலிக்கும்.

தலைப்பு வரிசை எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

சமாதானம், விசுவாசம், பயம், நன்றி என்று ஒரு தலைப்பை எடுத்து, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றிரண்டு வசனங்களைக் குறித்துத் தருகிற அட்டவணைகள் இன்று சபைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாளுக்கு 3 நிமிடம், 5 நிமிடம் போதும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த நாள் வசனம் தனியாக நிற்கும். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்கும், துக்கத்தில் நீண்ட பகுதியை வாசிக்க முடியாதவருக்கும், தேர்வுக் காலத்தில் இருக்கிற பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அந்த நிலையில் இருப்பவரிடம் போய், நிருபத்தை வரிசையாக எழுது என்று சொல்லக் கூடாது.

ஆனால் மாதக்கணக்கில் இதையே தொடர்ந்தால் இரண்டு குறைகள் தெரியத் தொடங்கும். ஒன்று, பழகிய அதே நூறு வசனங்கள் திரும்பத் திரும்ப வரும். கடினமான வசனம் ஒன்றுகூட வராது. மற்றது இதைவிடப் பெரியது. வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி காண்கிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இதை மட்டும் எழுதுகிறவர், அடுத்த மாதத்துக்குள் காரியம் கைகூடும் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நான்காம் வசனத்திலிருந்து எழுதி வந்தவருக்கு அப்படித் தோன்றாது. அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதம். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது ஐந்தாம் வசனம். எழுபது வருஷம் முடிந்த பின்பே உங்களைச் சந்திப்பேன் என்கிறது பத்தாம் வசனம். பதினோராம் வசனத்தின் ஆறுதல் அந்த எழுபது வருஷத்துக்குள் இருந்து வருகிற ஆறுதல். கையால் எழுதும்போது, பத்தாம் வசனத்தைத் தாண்டித்தான் பதினோராம் வசனத்துக்குப் போக முடியும். இந்தப் பழக்கத்தால் கிடைக்கிற பெரிய நன்மையே அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

தலைப்பு வரிசையை விட மனமில்லாதவர்கள் ஒன்று செய்யலாம். அட்டவணையில் உள்ள வசனத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று வசனங்களையும் சேர்த்து எழுதுங்கள். 31 நாளில் 31 வசனம் என்பதை 31 நாளில் 10 பகுதி என்று குறைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே புத்தகத்தை வரிசையாக

பிலிப்பியரில் 4 அதிகாரம், 104 வசனம். நாளுக்கு 5 வசனம் என்றால் 21 நாள். யாக்கோபு 5 அதிகாரம், 108 வசனம், 22 நாள். 119-ஆம் சங்கீதம் எழுதுகிறவருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது: 176 வசனங்கள், எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி 22 பகுதிகள், பகுதிக்கு 8 வசனம். நாளுக்கு ஒரு பகுதி. 22 நாளில் முடியும். வசனங்கள் சிறியவை என்பதால் 8 வசனமும் 15 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இவை மூன்றையும் அடுத்தடுத்து எழுதினால் 65 நாள்.

இந்த 65 நாளுக்கு ஒரு பயன் உண்டு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே பிலிப்பியர் முடிந்த அன்று, இனித் தானாக நடக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து எழுதப்போகிற புத்தகத்தை முன்கூட்டியே தீர்மானித்து, நோட்டின் முதல் பக்கத்திலேயே மூன்றின் பெயரையும் எழுதி வையுங்கள்.

வரிசையாக எழுதுவதில் ஒரு பிழை எல்லாருக்கும் நேர்கிறது: ஐந்து என்று முடிவு செய்தால் ஐந்தாம் வசனத்தில் பேனாவை மூடிவிடுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் பாரிசைச் சேர்ந்த அச்சகர் ராபர்ட் எஸ்தியேன் போட்டவை; வாக்கியம் முடிகிற இடத்தில்தான் எண் முடியும் என்பதில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இது இன்னும் உறுத்தும். பிலிப்பியர் 2:6-ஐப் பாருங்கள்: “அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும், தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்,” என்று காற்புள்ளியில் தொங்குகிறது. என்ன செய்தார் என்பது ஏழாம் வசனத்தில்தான் வருகிறது: “தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்.” ஆறில் நிறுத்தியவர் அன்று முழுவதும் பாதி வாக்கியத்தோடு இருக்கிறார். முற்றுப்புள்ளி வரும்வரை எழுதுங்கள். அன்று ஏழு வசனம் ஆகட்டும், மறுநாள் நான்கு போதும். 2:5 முதல் 11 வரை ஒரே மூச்சில் எழுத வேண்டிய பகுதி.

இன்னொரு பயனும் உண்டு. “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற 4:13-க்கு நீங்கள் வந்து சேரும்போது, தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தெரியும் என்ற பன்னிரண்டாம் வசனத்தை முந்தின நிமிடம்தான் எழுதியிருப்பீர்கள். ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லில் பட்டினியும் அடக்கம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரம் நிலையாக இல்லாதவர்களுக்கு, நர்ஸ்கள், டிரைவர்கள், இரவு ஷிப்டுக்காரர்கள் போன்றவர்களுக்கு, நீதிமொழிகள் பத்தாம் அதிகாரத்திலிருந்து எழுதுவதைச் சொல்வோம். அங்கிருந்து பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தன்னில் முடிகிறது. இரண்டு எழுதி நிறுத்தினாலும் எதுவும் அறுந்து தொங்காது. ‘நாளுக்கு ஓர் அதிகாரம்’ கணக்கை மட்டும் மறந்துவிட வேண்டும்.

அன்றாட வாசகமும் முழு வேதாகமமும்

கத்தோலிக்க இல்லங்களில் அன்றைய திருப்பலி வாசகம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. புதிதாக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கோவிலில் கேட்டதையே வீட்டில் எழுதுகிறோம் என்பது பெரிய துணை. ஆனால் நற்செய்திப் பகுதி ஒரு நாள் 5 வசனமாகவும் மறுநாள் 20-ஐத் தாண்டியும் இருக்கும். நீளமான நாளில் பதிலுரைப் பாடலை மட்டும் எழுதிக்கொள்ளலாம். மொராவியத் திருச்சபை 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிற தினவசனப் புத்தகத்திலும் நாளுக்கு ஓரிரு வசனம்தான். வேலை நெருக்கடி உள்ளவர்களுக்கு அந்த அளவு பொருந்தும். இவ்விரண்டிலும் தேதி முன்னே ஓடிக்கொண்டிருக்கும். தவறிய நாளை விட்டுவிட்டு இன்றைய பகுதிக்கு வந்துவிட வேண்டும்.

முழு வேதாகமத்தையும் எழுத விரும்புகிறவர் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவராக இருக்க வேண்டும். நாளுக்கு 40 வசனம் வீதம் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். அப்போதும் ஆதியாகமத்தில் தொடங்காமல், மாற்கு, ரூத், யோனா என்று தனித்தனிப் புத்தகங்களாக எழுதி, தனித்தனியாகத் தைத்து வைப்பது நல்லது. 48 வசனம் உள்ள யோனா முடிந்தாலும் ஒரு புத்தகம் முடிந்ததுதான். சபையாகச் சேர்ந்து எழுதும்போது 1,189 அதிகாரங்களையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே வழக்கமாக வருகிற சிக்கல்: ஒரே அதிகாரத்தை இருவர் எழுதிவிடுவார்கள், இன்னொன்றை ஒருவரும் எழுதியிருக்கமாட்டார்கள். தாளின் அளவு, ஓரத்தின் அகலம், திருப்புதல், பேனாவின் நிறம் நான்கையும் முன்பே சொல்லி, அதிகாரப் பட்டியலை ஒருவர் கையில் மட்டும் வைத்திருந்தால் இது வராது. போட்டியாக நடத்தி முதலில் முடித்தவருக்குப் பரிசு கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடச் சொல்வோம். பரிசு கொடுத்தால் பிழையில்லாத பிரதிக்குக் கொடுங்கள்.

எந்தத் திருப்புதல்

1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலின் வழியில் வருகிற பழைய திருப்புதலா, 1995-இல் வந்த திருவிவிலியமா? உங்கள் சபையில் வாசிக்கிறதையே எழுதுங்கள். காதில் ஏற்கெனவே விழுந்த வாக்கியம் கையில் சீக்கிரம் படியும். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று கேட்டு வளர்ந்தவர் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று எழுதினால், அடுத்த வரியில் கை தானாகப் பழைய சொல்லுக்குத் திரும்பும். ஒரே நோட்டில் இரண்டையும் கலந்தால் எதுவும் மனதில் நிற்காது.

பழைய திருப்புதலின் மொழி கடினம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதும்போது அந்தக் கடினமே உதவிக்கு வரும். ‘தாழ்ச்சியடையேன்’ என்று எழுதும்போது, இங்கே தாழ்ச்சி என்றால் என்ன என்ற கேள்வி எழும். தாழ்ந்துபோவதா? 34-ஆம் சங்கீதம் பத்தாம் வசனம் பதில் சொல்கிறது: “சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும், கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது.” தாழ்ச்சி என்பது இல்லாமை, குறைவு. வாசிக்கும்போது ஓடிப்போகிற சொல், எழுதும்போது எட்டு எழுத்தாக நின்று கேள்வி கேட்கிறது.

நோட்டு, அட்டை, கைப்பேசி

தைத்த லாங் சைஸ் நோட்டு, ஒற்றைக் கோடு போட்டது, 80 பக்கம். அதற்கு மேல் வேண்டாம். பக்கத்துக்கு 24 வரி, வசனத்துக்கு 4 வரி என்று வைத்தால் பிலிப்பியருக்கு 18 பக்கம், யாக்கோபுக்கு 18 பக்கம். வலப்பக்கத்தில் மட்டும் எழுதினால் 72 பக்கத்தில் இரண்டும் முடிந்துவிடும். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். தாழ்ச்சி போன்ற சொல்லின் பொருளும், ஒத்த வசனத்தின் எண்ணும், மனதில் வந்த ஜெபமும் அங்கே போகும். விலை உயர்ந்த தடித்த டைரியை முதலில் வாங்காதீர்கள். அழகான நோட்டில் முதல் அடித்தல் விழுந்ததுமே, கெட்டுப்போயிற்று என்று விட்டவர்கள் உண்டு.

சுருள் கம்பி நோட்டில் வலப்பக்கம் எழுதச் சுகம், இடப்பக்கம் எழுதினால் கம்பி கையை இடிக்கும்; தாளும் எளிதில் கிழியும். சாதாரணப் பள்ளி நோட்டுத் தாளில் ஜெல் பேனா பின்பக்கம் தெரியும், வியர்வைக் கை பட்டால் இழுவும். அந்தத் தாளுக்கு பால்பாயிண்ட் போதும். விரல் வலிக்கிறது என்றால் பேனாவை அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். அப்போது 70 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) குறையாத தாளும் மை பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் தானாகக் குறையும்.

அட்டைகள் மனப்பாடத்துக்கு. பையில் போகும், சமையலறைச் சுவரில் ஒட்டலாம். ஆனால் ஓர் அட்டையில் இரண்டு வசனத்துக்கு மேல் அடங்காது, வரிசையும் கலைந்துபோகும். நோட்டில் எழுதியதிலிருந்து வாரம் ஒரு வசனத்தை அட்டைக்கு மாற்றுவதே அதன் சரியான இடம்.

கைப்பேசியில் தட்டச்சு செய்வதை நாங்கள் கடைசியில் வைக்கிறோம். வேகம் அதிகம், நிதானம் குறைவு. நகலெடுத்து ஒட்டுகிற ஆசையும் வரும். அதைவிட, விசைப்பலகை தானாகத் திருத்துகிற சொல் ஆபத்து. ‘பெலன்’ என்று அடித்தால் ‘பலன்’ என்று மாற்றும். வேதாகமத்தில் இரண்டும் வேறு வேறு: பிலிப்பியர் 4:13-இல் இருப்பது பெலன், வலிமை, மத்தேயு 5:12-இல் பரலோகத்தில் மிகுதியாயிருக்கும் என்பது பலன், கைம்மாறு. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டே எழுத வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், மூட்டுவலியால் பேனா பிடிக்க முடியாதவர்களுக்கும், எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க வேண்டியவர்களுக்கும் கைப்பேசியும் டேப்லெட்டுமே நல்ல வழி. அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

பார்த்து எழுதும் முறை

உபாகமம் 17:18-இல் ராஜாவுக்கு ஒரு கட்டளை இருக்கிறது: லேவியராகிய ஆசாரியரிடத்தில் உள்ள நூலைப் பார்த்துத் தனக்காக ஒரு பிரதி எழுத வேண்டும். அடுத்த வசனம், உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்கச் சொல்கிறது. மூலத்தைப் பார்த்து எழுதுவது, எழுதியதைப் பிறகு வாசிப்பது என்ற இரண்டும் அங்கேயே இருக்கின்றன. மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவைச் சுருளில் எழுதுகிற யூத எழுத்தர்கள் இன்றும் மனப்பாடத்திலிருந்து எழுதுவதில்லை. 3,04,805 எழுத்துகளையும் மூலத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிவிட்டே எழுதுகிறார்கள்.

வீட்டில் இதைச் செய்யும் விதம்: வசனத்தை ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். பிறகு நான்கைந்து சொற்களை மனதில் வாங்கி, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினால் பிழை குறைவுதான், ஆனால் பொருள் உள்ளே போகாது. முழு வசனத்தையும் மனதில் வாங்கினால் நடுவில் சொந்தச் சொல் நுழையும். பழைய திருப்புதலில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் தாராளம் என்பதால் நிறுத்த இடம் தேட வேண்டாம். காற்புள்ளி தொலைவில் இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். ரோமர் 12:1-இல் “நீங்கள் உங்கள் சரீரங்களைப்” என்று பார்த்து, எழுதி, அடுத்ததற்குக் கண்ணைத் தூக்குகிறவர் ‘சரீரங்களை’ என்று மட்டும் எழுதியிருப்பார். ‘பரிசுத்தமும்’ இன்னும் மனதுக்கு வராததால் அந்த ‘ப்’ விழுந்துவிடும். ஒற்று வருகிற இடத்தில் நிறுத்தாமல், அடுத்த சொல்லையும் சேர்த்தே எடுங்கள்.

தமிழ் வேதாகமம் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகிறது. எழுதிவிட்டுத் திரும்பும் கண் பக்கத்துப் பத்திக்குத் தாவும். ஓர் அஞ்சலட்டையை எழுதுகிற வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். வேதாகமத்தைத் தட்டையாக வைக்காமல், இரண்டு புத்தகத்தின்மேல் சாய்த்து, நோட்டுக்கு மிக அருகில் நிறுத்துங்கள். கண் போய் வருகிற தூரம் குறைந்தால் பிழையும் குறையும், கழுத்தும் வலிக்காது.

ஒரே மாதிரி முடிகிற வரிகளில் வசனமே விட்டுப்போகும். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனமும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று முடிகின்றன. ஏழாவதை முடித்த கண் ஒன்பதாவதின் முடிவில் போய் உட்கார்ந்தால், எட்டாவது காணாமல் போகும். கைக்கு அது தெரியவே தெரியாது. இப்படிப்பட்ட பகுதிகளில் வசன எண்ணை இடது ஓரத்தில் தவறாமல் எழுதுங்கள். முடிவில் எண்களை மட்டும் விரல் வைத்து எண்ணினால் போதும்.

சொல் பிழைகளில் மிகவும் அஞ்ச வேண்டியது, பார்வைக்கு ஒத்திருந்து பொருள் தலைகீழாவது. ‘கிருபை’, ‘கிரியை’. எபேசியர் 2:8 கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது. அடுத்த வசனம் “இது கிரியைகளினால் உண்டானதல்ல” என்கிறது. அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் பவுல் சொன்னதற்கு நேர் எதிரானதை எழுதியவர்கள் ஆவோம். யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கிரியை என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே நிதானம் வேண்டும்.

சரிபார்க்க 3 நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் வேதாகமத்திலிருந்து சத்தமாக வாசிக்க, எழுதியவர் தன் நோட்டைப் பார்ப்பது மிக நல்ல முறை. தனியாக இருப்பவர் ஒவ்வொரு வசனத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மூலத்தோடு ஒப்பிடட்டும். பிழையை ஒரே கோட்டால் அடித்து மேலே எழுதுங்கள். வெள்ளை மை காய்வதற்குள் அடுத்த பக்கத்தில் ஒட்டும். பக்கத்தைக் கிழித்தால் தைத்த நோட்டில் எதிர்ப்பக்கத் தாளும் கழன்றுவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எட்டு வயதுக்குக் கீழே ஒரு சிறிய வசனம், அகலமான கோடு, பென்சில். அதற்கு மேல் வேண்டாம். தவறு செய்ததற்குத் தண்டனையாக வசனத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்லவே கூடாது. அந்த வசனம் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் தண்டனையாகவே காதில் விழும்.

காலையா, இரவா, விடுபட்ட நாளா

காலையில் கண் தெளிவாக இருக்கும், பிழை குறையும். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீட்டில் ஆறரை மணிக்கு மேல் 15 நிமிடம் என்பது கனவு. இரவில் குடும்ப ஜெபம் நடக்கிற வீடு என்றால், ஜெபம் முடிந்து வேதாகமத்தை அலமாரியில் வைப்பதற்கு முந்திய 15 நிமிடமே மிகச் சிறந்தது. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், வேதாகமம் திறந்திருக்கிறது, தொலைக்காட்சி அணைந்திருக்கிறது. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு கட்டிவிட்டால் அலாரம் தேவைப்படாது. நோட்டும் பேனாவும் கண்ணாடியும் வேதாகமத்தோடு ஒரே இடத்தில் இருக்கட்டும். பேனாவைத் தேடப் போகிறவர் கைப்பேசியோடு திரும்பி வருவார்.

தவறாத ஆள் இல்லை. முன்பு சொன்ன ஆய்விலும், ஒரு நாள் விட்டதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. குலைப்பது கடன் கணக்கு: நான்கு நாள் விட்டால் 20 வசனம் பாக்கி, சனிக்கிழமை சேர்த்து எழுதலாம் என்ற எண்ணம், சனிக்கிழமை கல்யாண வீடு, திங்களன்று 30 வசனம் பாக்கி, நோட்டைத் திறக்கவே தயக்கம். பாக்கி என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிடுங்கள். நோட்டில் நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தேதி போட்டு வைக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு அன்றைய தேதியை ஓரத்தில் சிறியதாகக் குறியுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே பத்து நாள் இருந்தாலும் 2:11-க்கு அடுத்தது 2:12தான்.

அதற்கு ஒரு சின்ன உதவி: அன்றைய பகுதியைச் சரிபார்த்து முடித்ததும், நோட்டை மூடுவதற்கு முன், கீழ்வரியில் அடுத்த வசனத்தின் எண்ணையும் அதன் முதல் சொல்லையும் எழுதி வையுங்கள். நாளைக்கோ அடுத்த வாரமோ திறக்கும்போது, வாக்கியம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.